மரத்தவளையைத் தேடிப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி: மேற்குத் தொடர்ச்சி மலைக்கான முழுமையான வழிகாட்டி

மழைக்காலத்தில் வால்பாறை, கொடைக்கானல், மூணாறு பக்கம் தவளை பார்க்கப் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். பெரிய டார்ச், நல்ல கேமரா, ஆர்வம் எல்லாம் இருக்கும். ஆனாலும் பாதிப் பேர் அட்டைக்கடியோடு வெறுங்கையாகத் திரும்புவார்கள், மீதிப் பேர் பச்சையாக எதையோ படம் எடுத்துவந்து "இது என்ன தவளை?" என்று கேட்பார்கள், அந்தப் படத்தை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது.

ஆர்வத்தில் குறை இல்லை, வேலை செய்யும் வரிசைதான் தலைகீழ். முதலில் கண், பிறகு கேமரா, கடைசியில் காது என்று போகிறார்கள். மரத்தவளைக்குச் சரியான வரிசை இது: இடம், குரல், உட்காரும் உயரம், விரல், முட்டையிடும் விதம், எல்லாம் முடிந்த பிறகு நிறம். கீழே உள்ளதை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். நடுவில் ஒன்றைத் தாண்டினால் அடுத்தது சரியாக வராது.

1. மழையைப் பார்த்து நாளைக் குறியுங்கள்

மலைக்கு மேற்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைதான் முக்கியக் காலம். ஆனால் ஏப்ரல், மே மாதக் கோடை மழை இரண்டு மூன்று முறை நன்றாகப் பெய்துவிட்டாலே மரத்தவளைகளில் ஒரு வகையான சின்னப் புதர்த்தவளைகள் கூப்பிட ஆரம்பித்துவிடும். ஜூலையில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இந்தத் தொடக்கத்தைத் தவற விடுகிறார்கள். கிழக்குச் சரிவிலும் சமவெளியிலும் வடகிழக்குப் பருவமழை, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

கொட்டும் மழையில் போகாதீர்கள். இலையில் மழை விழும் சத்தத்தில் குரல் எதுவும் கேட்காது, லென்ஸ் முழுக்கத் தண்ணீராகிவிடும். பகலில் பெய்து, சாயங்காலம் விட்டு, காற்றில்லாமல் ஈரம் மட்டும் நிற்கும் இரவுதான் வேண்டும். லேசான தூறல் பரவாயில்லை. காற்று அடித்தால் அன்றைக்குப் படுத்துத் தூங்குவதே நல்லது. தவளையின் தோல் வழியாக ஈரம் போய்விடும் என்பதால் காற்று வீசும் இரவில் அவை வெளியே உட்காருவதில்லை.

நேரம்: பொழுது சாய்வதற்கு அரை மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். இரவு ஒன்பது, பத்து மணி வரை போதும்.

2. இடத்தை வைத்து முன்கூட்டியே பட்டியல் போடுங்கள்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரத்தவளைகளில் பல, ஒரே ஒரு மலைத்தொகுதியில் மட்டுமே வாழ்பவை. ராவோர்கெஸ்டஸ் என்ற புதர்த்தவளைப் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) மட்டும் 60க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை இந்த மலைகளில்தான். அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் நிற்கும் இடமே முக்கால்வாசிப் பெயர்களை அடித்துவிடும்.

உதாரணத்துக்கு, ஊட்டி உயரத்தில் நின்றால் ராவோர்கெஸ்டஸ் சிக்னேட்டஸ், ராவோர்கெஸ்டஸ் டின்னியன்ஸ், ஓடையோரத்தில் காடிக்ஸாலஸ் வேரியாபிலிஸ். கொடைக்கானலில் ராவோர்கெஸ்டஸ் டுபுவா, ஓடையில் காடிக்ஸாலஸ் ஆஸ்டெராப்ஸ். ஆனைமலையில் ராவோர்கெஸ்டஸ் ஜெயராமி, அப்புறம் பெரிய பச்சைப் பறக்கும் தவளைகள். களக்காடு முண்டந்துறைப் பக்கம் போனால் ராக்கோபோரஸ் கல்காடென்சிஸ், மூங்கிலுக்குள் வாழும் ராவோர்கெஸ்டஸ் சலாசோடெஸ். சமவெளியில் வீட்டுக் குளியலறையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஒட்டிக்கொண்டிருப்பது பாலிபிடேட்டஸ் மாகுலேட்டஸ். இதைப் பல ஊர்களில் தேரை என்றே சொல்வார்கள்.

பாலக்காட்டுக் கணவாயை மனதில் ஒரு கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் பழனி மலையும். பல புதர்த்தவளை இனங்கள் இந்தத் தாழ்வான, வறண்ட இடைவெளியைத் தாண்டியதில்லை. கொடைக்கானலில் எடுத்த படத்துக்கு நீலகிரி இனத்தின் பெயரைப் போட்டால், தெரிந்தவர்கள் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள்.

கடல்மட்டத்திலிருந்து உயரத்தையும் குறியுங்கள். போன் காட்டும் அளவு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. 600 மீட்டரில் இருக்கும் கூட்டமும் 2,000 மீட்டரில் இருக்கும் கூட்டமும் வேறு வேறு.

3. அனுமதி, துணை

காப்புக்காட்டுக்குள்ளும் புலிகள் காப்பகத்துக்குள்ளும் இரவில் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும், சும்மா கிடைக்காது. புதியவர்களுக்கு அது தேவையும் இல்லை. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் சோலைத்துண்டுகளின் ஓரம், காபித்தோட்டம், ஏலக்காய்த் தோட்டம், தங்கும் விடுதியின் பின்பக்கத்து ஓடை, இவையே போதும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தனியாகப் போகவே கூடாது. வால்பாறையில் யானை பக்கத்தில் இருப்பதைத் தெரிவிக்க சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் அன்றைய திட்டம் அங்கேயே முடிந்தது, "ஒரு அரை மணி நேரம் மட்டும்" என்ற பேச்சு வேண்டாம். உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருந்தால் எந்தப் பாதையில் யானை இறங்கும் என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்று, புதருக்குள் கையை விடாதீர்கள். தவளை உட்காரும் அதே உயரத்தில், அதே கிளையில் மலபார் குழிவிரியனும் உட்காரும். அதுவும் தவளைக்காகத்தான் வந்திருக்கிறது.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

நெற்றியில் மாட்டும் டார்ச் ஒன்று. கையில் பிடிக்கும் டார்ச் ஒன்று. முதலாவதைக் கட்டாயம் நெற்றியில்தான் மாட்ட வேண்டும், ஏனென்றால் தவளையின் கண் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். டார்ச் உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அந்த மினுக்கு உங்களுக்குத் தெரியும். இடுப்பு உயரத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் பக்கத்தில் இருப்பதையும் தாண்டிப் போவார்.

சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாலே போதும்.

சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்று. இதை எடுத்துப் போகிறவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன், காரணத்தை எட்டாவது பகுதியில் சொல்கிறேன். நனைந்தாலும் எழுத பென்சில், கெட்டி அட்டை நோட்டு. பேனா மழையில் ஓடிவிடும். தையல் டேப் ஒன்று, அளக்க.

அட்டைக்கடிக்கு முழங்கால்வரை வரும் துணி உறைதான் சரி. உப்பு, புகையிலைத்தூள், டெட்டால் எல்லாம் காலில் அப்பிக்கொண்டு போவது வழக்கம், எனக்கும் புரிகிறது, கடி தாங்கமுடியாது. ஆனால் நடக்கும்போது அது உதிர்ந்து ஈர இலையிலும் ஓடையிலும் கலக்கும். தோலால் மூச்சு விடுகிற உயிரிக்கு அது நேரடி விஷம். கொசு விரட்டிக் களிம்பும் அப்படித்தான். கையில் பூசிவிட்டு இலையைத் திருப்பாதீர்கள்.

5. கிளம்பும் முன் பூட்ஸைக் கழுவுங்கள்

உலகம் முழுவதும் தவளைகளை அழித்துக்கொண்டிருக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சை நோய் ஈர மண் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பரவுகிறது. ஆஸ்திரேலியாவிலும் மத்திய, தென் அமெரிக்காவிலும் பல மரத்தவளை இனங்கள் காணாமல் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஒரு ஓடையின் சேற்றை இன்னொரு ஓடைக்குக் கொண்டுபோவது நம் பூட்ஸ்தான்.

வரிசை முக்கியம். முதலில் பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்து எடுங்கள், பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் சில நிமிடம் ஊறவிடுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் முழுதாகக் காயவையுங்கள். சேறு இருக்கும்போதே பிளீச்சில் முக்கினால் மருந்து சேற்றைத்தான் கழுவும். இந்த வேலையை வீட்டில் செய்யுங்கள், ஓடைக்கரையில் அல்ல.

6. பகலில் ஒரு முறை நடந்துவிடுங்கள்

இரவில் நடக்கப்போகும் அதே பாதையைப் பகலில் மெதுவாக நடந்து பாருங்கள். வழுக்கும் கல், பள்ளம், தேனீக்கூடு தெரிந்துவிடும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: முட்டைகள் பகலில்தான் நன்றாகத் தெரியும்.

தேங்கிய தண்ணீருக்கு மேலே தொங்கும் கிளைகளை அண்ணாந்து பாருங்கள். வெள்ளையாகவோ பழுப்பாகவோ உள்ளங்கை அளவுக்கு நுரை ஒட்டியிருந்தால் அது நுரைக்கூடு. சில இடங்களில் இலைகள் கூட்டின்மேல் மடிந்து ஒட்டியிருக்கும். வயநாடு, குடகுப் பக்கம் கிடைக்கும் ராக்கோபோரஸ் லேட்டராலிஸ் என்ற சின்னப் பறக்கும் தவளையில் பெண் தவளையே இலையை மடித்து நுரையை மூடிவிடும். தண்ணீர்த்தொட்டியின் உள்சுவர், பாதி நிறைந்த டிரம், கைவிட்ட வாளி எல்லாவற்றையும் எட்டிப் பாருங்கள், பாலிபிடேட்டஸுக்கு இவையெல்லாம் குளம்தான்.

பார்த்த இடத்தையும், கூட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள உயரத்தையும் எழுதிவையுங்கள். தொடாதீர்கள். நுரையின் வெளிப்பக்கம் காய்ந்து தோலாகி உள்ளே ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். குச்சியால் குத்தினால் அந்தத் தோல் கிழிந்து, உள்ளே முட்டை காய்ந்துவிடும்.

7. இருட்டியதும் டார்ச்சை அணைத்துவிட்டு நில்லுங்கள்

இங்கேதான் புதியவர்களின் பொறுமை போய்விடும். பத்து நிமிடமாவது அசையாமல், பேசாமல், வெளிச்சமில்லாமல் நில்லுங்கள். நீங்கள் நடந்து வந்த சத்தத்தில் அடங்கியவை ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பிக்கும்.

முதலில் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். நிறுத்தாமல் சீராக இழுப்பது பெரும்பாலும் பூச்சி. இடைவெளி விட்டு, திரும்பத் திரும்ப, ஒரே இடத்திலிருந்து வருவது தவளை. "டிக்... டிக்... டிக்" என்று தட்டுவது, "ட்ரிரிரி" என்று உருட்டுவது, மணி மாதிரி "டிங் டிங்" என்று விடுவது என்று குரல்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் உங்கள் மொழியிலேயே ஒரு பெயர் வையுங்கள். அறிவியல் பெயர் இப்போது வேண்டாம். எத்தனை வகைக் குரல், எந்தத் திசை, தரையிலிருந்தா மேலேயிருந்தா என்று மட்டும் எழுதுங்கள்.

கூப்பிடுவது ஆண்கள்தான். பெண் தவளை சத்தமில்லாமல் எங்கோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும், ஆணைவிடப் பெரிதாகவும் இருக்கும். ஒரே புதரில் சின்னதும் பெரியதுமாக இரண்டைப் பார்த்தால் உடனே இரண்டு இனம் என்று முடிவு கட்டாதீர்கள்.

8. பார்ப்பதற்கு முன் குரலைப் பதிவு செய்யுங்கள்

பக்கத்தில் போனால் நிறுத்திவிடும். அதனால் முதலில் பதிவு, பிறகு தேடல். போனின் ரெக்கார்டரே போதும், ஆனால் இரைச்சலைக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். மனிதக் குரலைத் தவிர மற்றதையெல்லாம் வெட்டுவதுதான் அதன் வேலை, உங்கள் தவளையையும் சேர்த்து வெட்டிவிடும். சுருக்காத வேவ் வடிவில் சேமிக்க முடிந்தால் நல்லது.

ஒரு நிமிடம் விடாமல் பதிவு செய்யுங்கள். முடிவில், அதே பதிவிலேயே, இடம், நேரம், உயரம், வெப்பநிலை எல்லாவற்றையும் வாயால் சொல்லுங்கள். ஆரம்பத்தில் சொன்னால் தவளை அடங்கிவிடும்.

வெப்பநிலை ஏன்? தவளை குளிர் ரத்த உயிரி. குளிர்ந்தால் அதன் குரலும் மெதுவாகும், வெப்பமானால் வேகமாகும். வட அமெரிக்காவில் டிரையோஃபைட்டஸ் வெர்சிகலர், டிரையோஃபைட்டஸ் கிரைசோசெலிஸ் என்று இரண்டு சாம்பல் மரத்தவளைகள் உண்டு. கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது. ஒன்றுக்கு 48 குரோமோசோம், மற்றதற்கு 24. களத்தில் பிரிக்க ஒரே வழி, அந்த உருட்டல் எவ்வளவு வேகம் என்பதுதான், அதையும் வெப்பநிலையோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும். நம் புதர்த்தவளைகளிலும் குரல் அளவுக்கு நம்பகமான அடையாளம் வேறு இல்லை. வெப்பநிலை இல்லாத பதிவு பாதிப் பதிவுதான்.

பதிவு செய்ததைத் திருப்பி ஒலிக்கவிட்டுத் தவளையை வரவழைக்கும் பழக்கம் இருக்கிறது. செய்யாதீர்கள். ஆண் தவளைக்கு ஒவ்வொரு கூப்பிடலும் பெரும் உழைப்பு. இல்லாத எதிரியோடு மல்லுக்கட்ட வைத்தால் அன்றிரவு அதற்குத் துணை கிடைக்காது. அதோடு பத்தடி தள்ளி இன்னொருவர் உங்கள் போனைப் பதிவு செய்துகொண்டிருப்பார், இதுவும் நடக்கிறது.

9. குரலிலிருந்து உடலுக்கு

மெல்லிய கீச்சுக்குரல் எங்கிருந்து வருகிறது என்று காது எளிதில் ஏமாறும். இரண்டு பேர் நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று, சத்தம் வரும் பக்கம் ஆளுக்கொரு கையை நீட்டுங்கள். இரண்டு கைகளின் நேர்கோடும் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கும். ஒருவர் மட்டும் தேடினால் தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்பி, சத்தம் எங்கே கூடுகிறது என்று பாருங்கள்.

சிவப்பு வெளிச்சத்தில் நெருங்குங்கள். நிறுத்தினால் நீங்களும் நில்லுங்கள். மறுபடி ஆரம்பிக்கும்போது இரண்டு எட்டு. இப்படிப் போய்ச் சேரப் பதினைந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

பெரும்பாலானவர்கள் தேடும் உயரம் தப்பு. மரத்தவளை என்ற பெயரைக் கேட்டுவிட்டு மரத்தின் மேலே டார்ச் அடிப்பார்கள். பல புதர்த்தவளைகள் முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவில், இலையின் மேல்பக்கத்திலோ காம்போரத்திலோ இருக்கும். இன்னும் கீழேயும் உண்டு: 2010ல் விவரிக்கப்பட்ட ராவோர்கெஸ்டஸ் ரெஸ்ப்ளென்டன்ஸ், இரவிகுளத்தில் ஆனைமுடிப் பகுதியின் புல்வெளியில் தரையோடு வாழும் ஆரஞ்சு நிறத் தவளை, மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சில இனங்கள் உச்சிக்கிளையில் மட்டும் கூப்பிடும். அவற்றைப் பார்க்க முடியாது, குரலோடு விட்டுவிடுங்கள்.

சின்னச் சின்னதாகப் பச்சையாக மினுக்குவதையெல்லாம் தவளைக் கண் என்று நினைத்து ஓடாதீர்கள். முக்கால்வாசி சிலந்தி.

10. முதலில் மரத்தவளைதானா என்று பாருங்கள்

விரல் நுனியைப் பாருங்கள். மரத்தவளைக்கு நுனி தட்டையாக, வட்டமாக விரிந்திருக்கும். கடைசி எலும்புக்கும் அதற்கு முந்தையதற்கும் நடுவில் ஒரு கூடுதல் குருத்தெலும்பு இருப்பதால், விரல் நுனி தனியாக மடிந்து இலையில் சப்பென்று ஒட்டும்.

ஆனால் நுனி விரிந்ததெல்லாம் மரத்தவளை இல்லை. ஓடைக்கல்லில் உட்கார்ந்து பின்காலை நீட்டி ஆட்டும் மிக்ரிக்ஸாலஸுக்கும், ஈரப்பாறையில் ஒட்டியிருக்கும் இன்டிரானாவுக்கும் விரல் நுனி விரிந்திருக்கும். மரப்பொந்தில் தேங்கிய தண்ணீரிலிருந்து கூப்பிடும் யூபெரோடான் இன்னும் ஏமாற்றும், இருக்கும் இடமே மரம் ஆயிற்றே. அதன் உடல் உருண்டை, முகம் குட்டை. மரத்தவளைக்குப் பெரிய கண், மெலிந்த இடுப்பு. கண்ணையும் இடுப்பையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

11. படம் எடுக்கும் வரிசை

அழகான முகப்படம் முதலில் எடுத்துவிட்டு, அடுத்ததை எடுப்பதற்குள் தவளை குதித்துவிட்டது என்பது தினப்படி கதை. அதனால் அடையாளப் படங்கள் முதலில்:

பக்கவாட்டில் ஒன்று. கண்ணின் நிறம், கண்மணியின் வடிவம், செவிப்பறை, மூக்கின் வடிவம் எல்லாம் இதில் வந்துவிடும். மேலிருந்து ஒன்று. முன்கை விரல்கள், சவ்வு எதுவரை வந்திருக்கிறது என்று தெரிய. பின்கால் விரல்கள். முடிந்தால் பின்னாலிருந்து தொடைக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள மடிப்பு, பல இனங்களின் அடையாளப் புள்ளிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். உட்கார்ந்திருக்கும் செடியோடு தள்ளி நின்று ஒன்று. அப்புறம் உங்கள் அழகுப்படம்.

அளவு தெரிய தவளையைப் பிடிக்க வேண்டியதில்லை. அது போனபிறகு உட்கார்ந்திருந்த இலையை அளந்துகொள்ளுங்கள். படத்தில் இலையும் தவளையும் சேர்ந்து இருக்கின்றன, கணக்கு வந்துவிடும். கையில் பிடித்துப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம், அனுமதி இல்லாமல் கூடாது என்பதோடு, நம் கையின் உப்பும் சூடும் அதற்கு ஆகாது. ஃபிளாஷ் நான்கைந்து முறைக்கு மேல் வேண்டாம்.

12. முட்டையிடும் விதத்தை வைத்துக் குடும்பத்தைப் பிடியுங்கள்

மரத்தில் வாழ்வது ஒரு குடும்பத்தின் சொத்து இல்லை. உலகில் வெவ்வேறு தவளைக் குடும்பங்கள் தனித்தனியாக மரமேறியிருக்கின்றன, அதனால் உருவம் ஒன்றுபோல இருக்கும். அமெரிக்கக் கண்டங்களிலும் ஐரோப்பாவிலும் ஹைலா குடும்பம், ஆஸ்திரேலியாவில் அதன் நெருங்கிய சொந்தங்கள், ஆப்பிரிக்காவில் நாணல் தவளைகள், மடகாஸ்கரில் பூஃபிஸ், ஆசியாவில் நம் ராக்கோபோரிட் குடும்பம், இதில் 400க்கு மேல் இனங்கள். எது எது என்று உருவத்தில் தடுமாறும்போது, முட்டை எங்கே, எப்படி இருக்கிறது என்பது நிறையச் சொல்லிவிடும். பகலில் முட்டையைப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

நுரைக்கூடு: பெண் தவளை ஒரு திரவத்தை விட்டுப் பின்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி அதற்குள் முட்டையிடும். சில நாளில் தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து நழுவிக் கீழே தண்ணீரில் விழும். நம் மலையில் நுரை பார்த்தால் ராக்கோபோரஸ், பாலிபிடேட்டஸ், காடிக்ஸாலஸ் மூன்றில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம். பெரிய பச்சைத் தவளை, கைவிரல்களுக்கு நடுவில்கூட முழுச் சவ்வு, சவ்வு ஆரஞ்சுச் சிவப்பு என்றால் ராக்கோபோரஸ் மலபாரிகஸ். அந்தச் சவ்வை விரித்துத்தான் பத்து மீட்டர் வரைகூடச் சறுக்கி இறங்கும். அதே உடலில் முதுகு முழுக்க மெல்லிய கறுப்புக் கோடுகள் இருந்தால் ராக்கோபோரஸ் சூடோமலபாரிகஸ், வால்பாறைக்குப் பக்கத்து ஆண்டிப்பாறைச் சோலையிலிருந்து 2000ல் விவரிக்கப்பட்டது. கைவிரல் சவ்வு ரொம்பக் குறைவு, பழுப்பு உடல், தொடையின் பின்பக்கம் மஞ்சள் புள்ளிகள் என்றால் பாலிபிடேட்டஸ் மாகுலேட்டஸ். குளிர்ந்த உயர்மலை ஓடையின் பாறையோரத்தில் நுரை என்றால் காடிக்ஸாலஸ்.

நுரை ஆசியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆப்பிரிக்காவின் கிரோமான்டிஸ் அதே குடும்பம், அதுவும் நுரைதான், வறண்ட புல்வெளி மரத்தில் வெயிலைத் தாங்கி உட்காரும். தண்ணீரை மிச்சப்படுத்த, பறவை, பல்லிகளைப் போல யூரிக் அமிலமாகக் கழிவை வெளியேற்றும்.

தலைப்பிரட்டையே இல்லாதவை: ராவோர்கெஸ்டஸ் எல்லாம் இப்படித்தான். இலையிலோ இலைச்சருகிலோ சில முட்டைகள் மட்டும், முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முழுதும் முடிந்து, வெளியே வரும்போதே குட்டித் தவளை. அதனால் இவற்றுக்குக் குளமோ ஓடையோ தேவையில்லை, ஈரக்காற்று போதும். தண்ணீரே இல்லாத மலைச்சரிவில் குரல் கேட்டால் ராவோர்கெஸ்டஸைத்தான் முதலில் நினைக்க வேண்டும். தண்ணீரைச் சாராததால்தான் ஒவ்வொரு மலையிலும் தனித்தனியாகப் பிரிந்து இத்தனை இனங்களானது என்பது என் எண்ணம். இலங்கையின் சூடோஃபிலாட்டஸும் இதே முறை, அங்கே இனங்கள் இன்னும் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன, பல ஏற்கெனவே அழிந்தும் போய்விட்டன.

இதில் விசித்திரமானது ராவோர்கெஸ்டஸ் சலாசோடெஸ். 1876ல் விவரிக்கப்பட்டு, அதன்பின் நூறாண்டுக்கு மேல் யாரும் பார்க்காமல், பிறகுதான் மறுபடி கிடைத்தது. நாணல் மூங்கிலின் கணுவிடையில் இருக்கும் சின்னத் துளை வழியாக உள்ளே நுழைந்து அங்கேயே முட்டையிடும், ஆண் தவளை காவலிருக்கும். மூங்கிலுக்குள்ளிருந்து குரல் வந்தால் பிளந்து பார்க்காதீர்கள். ஒரு முறை பிளந்த கணு பிறகு எந்தத் தவளைக்கும் உதவாது.

மண்ணில் முட்டை: நுரையும் இல்லாமல், இலையும் இல்லாமல் ஈர மண்ணில் இடுபவை சில உண்டு. கேரளத்தின் காட்டுச் சாதிக்காய்ச் சதுப்புகளில் வாழும் மெர்க்குரானா, 2013ல்தான் விவரிக்கப்பட்டது.

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பழக: மத்திய அமெரிக்காவின் சிவப்புக்கண் மரத்தவளை தண்ணீருக்கு மேலே இலையில் வழுவழுப்பான கூழாக முட்டையிடும், நுரை கிடையாது. பாம்பு வந்து கடித்தால் அதிர்வை உணர்ந்து சில நாள் முன்பே முட்டையிலிருந்து குதித்துத் தப்பிவிடும். அதன் கண்மணி செங்குத்துக் கீற்று, நம்முடையவற்றுக்குப் படுக்கைவாட்டம். ஆண்டிஸ் பகுதியின் காஸ்ட்ரோதீக்கா முதுகுப் பைக்குள் முட்டையைச் சுமக்கும். ஐரோப்பாவின் ஹைலா நேராகக் குளத்திலேயே இடும்.

13. நிறம் கடைசியில், செயலியின் பதில் அதற்கும் பின்னால்

ஒரே புதர்த்தவளை இனம் பச்சை, பழுப்பு, கோடு போட்டது, புள்ளி வைத்தது என்று பல உடையில் வரும். அதே தவளை பகலில் வெளிறியும் இரவில் கருத்தும் இருக்கும். பாலிபிடேட்டஸைப் பகலில் சுண்ணாம்புச் சுவரில் பார்த்தவர்கள் இரவில் பார்த்தால் வேறு தவளை என்றே சொல்வார்கள். அதனால் "பச்சையாக இருந்தது" என்பது அடையாளம் இல்லை. நிறத்தை எழுதுவதானால் தொடை மடிப்பின் நிறத்தையும் கண்ணின் நிறத்தையும் எழுதுங்கள், இவை ஓரளவு நிலையாக இருக்கும்.

படத்தைக் கொடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் சில நேரம் நம் ஊர்ப் படத்துக்கு ஹைலா என்று சொல்லும். ஹைலா இந்தியாவில் வடகிழக்கிலும் இமயமலைப் பக்கமும்தான், மேற்குத் தொடர்ச்சி மலையில் இல்லை. நீங்கள் இரண்டாம் பகுதியில் போட்ட பட்டியலில் இல்லாத பெயரைச் செயலி சொன்னால் பட்டியலை நம்புங்கள்.

14. அன்றிரவே எழுதி, பிறகு பதிவேற்றுங்கள்

தூங்கப்போகும் முன் நோட்டை முடித்துவிடுங்கள். தேதி, நேரம், இடம், உயரம், வெப்பநிலை, கடைசியாக மழை பெய்தது எப்போது, குரலுக்கு நீங்கள் வைத்த பெயர், தவளை தரையிலிருந்து எத்தனை அடி, என்ன செடி, எந்தப் படம் எந்தக் குரலுக்கு. கடைசியாகச் சொன்னதுதான் மறுநாள் குழம்பும். ஒவ்வொரு தவளையையும் எடுத்து முடித்தவுடன் நோட்டின் பக்க எண்ணையும் ஒரு படம் எடுத்துவிட்டால் அந்தச் சிக்கலே வராது.

உயிரினப் பதிவுகளைப் பகிரும் இணையதளங்களான ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் இரண்டிலும் படத்தோடு ஒலியையும் ஏற்றலாம். இனம் உறுதியில்லையென்றால் ராவோர்கெஸ்டஸ் என்று பேரினத்தோடு நிறுத்துங்கள். தப்பான இனப்பெயர் ஒன்று ஏறிவிட்டால் அடுத்தவர் அதையே பார்த்துத் தப்பு செய்வார், பேரினத்தோடு நிற்கும் பதிவை யாராவது பிறகு முடித்துக்கொடுப்பார்கள். அரிதான இனம், அதுவும் ஒரே சோலையில் இருப்பது என்றால், இடத்தின் துல்லியமான புள்ளியை மறைத்து ஏற்றுங்கள். மூங்கிலுக்குள் இருக்கும் ஒன்றைப் படமெடுக்கப் பத்துப் பேர் கத்தியோடு போவதற்கு நம் பதிவு வழி காட்ட வேண்டாம்.

யாராவது பெயரைத் திருத்தினால் நன்றி சொல்லிவிட்டு, எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னார் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் விளக்கிச் சொல்வார்கள். அந்தப் பதிலை நோட்டில் அதே பக்கத்தின் ஓரத்தில் எழுதிவையுங்கள், அடுத்த மழைக்குக் கிளம்பும்போது பட்டியலை அதிலிருந்து திருத்திக்கொள்ளலாம்.